ஆச்சி, வாயைத் திறவுங்கோ

மாரி ஓய்ந்து கிணறுகளில் நல்ல தண்ணீர் நிற்கும் மாதங்களில்தான் வேலணையில் புகையிலைக் கன்று நடுவார்கள். தீவுக் கிணற்றின் தண்ணீர் மழை தந்தது. கோடை முற்ற முற்ற உவர் ஏறிவிடும். துலாவில் இறைக்கிற ஒவ்வொரு பட்டைத் தண்ணீரும் எந்தப் பயிருக்குப் போனால் காசாகத் திரும்பும் என்று கணக்குப் பார்த்த தோட்டக்காரருக்குப் புகையிலைதான் விடையாக இருந்தது. ஆட்டெரு தாழ்த்துக் கன்று வைப்பார்கள். முகை வந்ததும் முறிப்பார்கள். பக்கத்தில் வெடிக்கும் துளிர்களை ஓயாமல் கிள்ளி எறிந்து, இலை தடித்துப் பிசின் ஏறும்வரை பார்த்திருந்து வெட்டுவார்கள். வெட்டிய இலை வாடியதும் குடிலுக்குள் தொங்கும். கீழே தென்னம்பொச்சும் பனை ஊமலும் புகையும். நாலைந்து வளவுக்கு அப்பாலும் அந்த மணம் வரும்.

இப்படிப் பதமிட்ட கறுத்த, காரமான இலையின் பெரிய சந்தை யாழ்ப்பாணத்தில் இருக்கவில்லை. கடல் கடந்து திருவிதாங்கூரில் இருந்தது. போர்த்துக்கேயர் காலத்தில் இலங்கைக்கு வந்த பயிர், ஒல்லாந்தர் காலத்தில் குடாநாட்டின் முதன்மையான வணிகப் பயிராக வளர்ந்தது. வேலணைத் தீவுக்கு லெய்டன், நயினாதீவுக்கு ஹார்லெம், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்று தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டிய அதே ஒல்லாந்தர், இந்தப் புகையிலையில் வரியும் கண்டார்கள். தோணிகள் ஏற்றிச் சென்ற சிப்பங்களை வாங்கிய திருவிதாங்கூர் அரசு நெடுங்காலம் புகையிலை வணிகத்தைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தது. அரசின் வருமானத்தில் அதற்குப் பெரிய இடம். 1860களில், திவான் மாதவராவ் காலத்தில், ஏகபோகம் நீங்கி அதன் இடத்தில் இறக்குமதித் தீர்வை வந்தது. அதன்பின் திருவனந்தபுரத்தில் தீர்வை ஏறினால் யாழ்ப்பாணத் தோட்டக்காரரின் ஆண்டு வரவு செலவு புரண்டுவிடும் என்ற நிலை. 1930களில் மலையாளச் சந்தைக்கென்றே இங்கு விவசாயிகள் கூட்டுறவு விற்பனைச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அந்த அளவுக்கு ஓர் ஊரின் அடுப்பு இன்னோர் ஊரின் வாயை நம்பி எரிந்தது.

மலையாளச் சந்தை சுருங்கியபோது சுருட்டு கைகொடுத்தது. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் வரிசையாகக் குந்தியிருந்து சுற்றுவார்கள். சிறுபிள்ளைகள் காம்பு வாருவார்கள். சுற்றுகிறவர்களின் கை ஓயக்கூடாது என்பதால் ஒருவர் உரத்துப் பத்திரிகை வாசிப்பார். எழுத்தறியாத தொழிலாளிக்கும் உலகப் போரின் போக்குத் தெரிந்திருந்தது அந்தக் கொட்டில்களில்தான். கட்டுக் கட்டாகச் சுருட்டு தென்னிலங்கைக் கடைகளுக்குப் போனது. புகையிலையால் பள்ளிக்கூடம் எழும்பியது, கோயில் தேர் ஓடியது, பெண்பிள்ளைகளுக்குச் சீதனம் சேர்ந்தது. இந்தப் பயிரைப் பற்றிப் பேசும் எவரும் இதை மறந்துவிட்டுப் பேசினால் அந்த மக்களுக்கு நியாயம் செய்தவர் ஆகார்.

ஆனால் விற்றது போக மிஞ்சிய இலை வீட்டிலும் இருந்தது.

தீவக வீடுகளில் வெற்றிலை என்பது விருந்தும் மருந்தும் மரியாதையும். கல்யாணத்துக்குச் சொல்லப் போனாலும் தட்டம், செத்தவீட்டில் பந்தலுக்குள் கால்வைத்தாலும் தட்டம். ஆச்சிமாரின் இடுப்பில் பனையோலைக் கொட்டப்பெட்டி. அதற்குள் வெற்றிலை, சீவல், சின்னச் சுண்ணாம்புக் குப்பி, ஒரு விரல் நீளத்துக்குப் புகையிலைத் துண்டு. பல் விழுந்தவர்களுக்குச் சிறு உரலில் இடித்துக் கொடுக்கும் பேரப்பிள்ளைகள். மென்று, சாறு விழுங்கி, துப்பி முடிந்த பிறகும் புகையிலைத் துண்டைக் கடைவாயில் அடக்கிக்கொள்வார்கள். பகல் முழுக்க அது அங்கேயே இருக்கும். சிலர் அதோடுதான் நித்திரைக்கும் போவார்கள். இரவில் வலை போடும் கடற்றொழிலாளிக்கும் கண் மூடாமல் இருக்க அதே துண்டு. எங்கே அடக்கிவைக்கிறார்களோ அந்த இடத்தில்தான், அந்தக் கன்னத்தின் உட்புறத்தில்தான், வாய்ப்புற்று பெரும்பாலும் முளைக்கிறது.

இந்தத் தொடர்பை மருத்துவர்கள் கண்டுகொண்ட வரலாறு தென்னிந்தியாவில் எழுதப்பட்டது. 1902இல் சென்னையில் பணியாற்றிய நிப்லொக் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், கன்னத்தில் வரும் புற்றுநோயையும் வெற்றிலை போடும் வழக்கத்தையும் இணைத்து இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். அடுத்த பெரிய எட்டு, தெற்குத் திருவிதாங்கூரின் நெய்யூரில் வைக்கப்பட்டது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊரின் இலண்டன் மிஷன் ஆஸ்பத்திரி, வாய்ப்புற்றுக்காரர் வந்து குவியும் இடமாக இருந்தது. 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் ஏறப்போன குழுக்களில் இருந்த சத்திரசிகிச்சை மருத்துவர் ஹோவார்ட் சொமர்வெல், மலையை விட்டு இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். அங்கிருந்த 'ஓர்' (Orr) என்ற மருத்துவர் 1933இல் 'லான்செட்' இதழில், திருவிதாங்கூரில் வெற்றிலை சப்புவோரின் வாய்ப்புற்றைப் பற்றி விரிவான கட்டுரை வெளியிட்டார். வெற்றிலைக் கூட்டில் புகையிலை சேர்வதன் விளைவை உலகம் கவனித்தது ஏறக்குறைய அதிலிருந்துதான்.

திருவிதாங்கூர் என்ற பெயரை இங்கே மறுபடி பார்க்கவேண்டும். யாழ்ப்பாணத் தோணிகள் தலைமுறை தலைமுறையாகப் புகையிலை இறக்கிய நாடு அது. இலை விளைந்த கரையில் காசு கணக்கெழுதப்பட்டது. இலையைச் சப்பிய கரையில் நோய் கணக்கெழுதப்பட்டது. இந்தக் கரையிலும் அதே இலையைச் சப்பினார்கள், அதே நோய் வந்தது. அதைத் தேடிப் போய்ப் பார்ப்பதற்கு இங்கு ஆளிருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் மருத்துவம் இல்லாமல் இருந்ததா என்றால், இருந்தது. இலங்கையின் பல பகுதிகளுக்கு முன்னதாகவே இருந்தது. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1847இல் வந்து, மறு ஆண்டில் மானிப்பாயில் வைத்தியம் தொடங்கினார். தமிழிலேயே மாணவருக்கு மேலைநாட்டு மருத்துவம் கற்பித்தார். 'இரண வைத்தியம்' என்று சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் தந்தார். அதன்பின் இணுவில் மிஷன் ஆஸ்பத்திரி, மூளாய்க் கூட்டுறவு ஆஸ்பத்திரி என்று குடாநாட்டின் தரைப்பகுதியில் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. தீவகத்தவர் இவற்றுக்கெல்லாம் கடல் தாண்டி வரவேண்டும். பண்ணைத் தாம்போதி வேலணையை யாழ்ப்பாணத்தோடு இணைத்த பின்னும், வாணர் பாலம் புங்குடுதீவை வேலணையோடு இணைத்த பின்னும், நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் படகைத் தவிர வேறு வழி இல்லை. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் இன்றும் 'பாதை' என்று ஊர் அழைக்கும் மிதவைதான் ஆளையும் சைக்கிளையும் கொண்டுபோகிறது.

வாய்ப்புற்றில் கொடியது அதன் மௌனம். தொடக்கத்தில் அது நோகாது. கன்னத்தின் உட்புறத்தில் துடைத்தால் போகாத ஒரு வெண்படலம், அல்லது பட்டுத்துணி போலச் சிவந்த ஒரு திட்டு, அல்லது இரண்டு கிழமை கடந்தும் ஆறாத ஒரு சின்னப் புண். சிலருக்கு வாயின் உட்தசை இறுகி, மூன்று விரல் நுழைந்த வாயில் இரண்டு விரல்கூட நுழையாமல் போகும். உறைப்புத் தின்றால் எரியும். நோகாத புண்ணுக்காக ஒரு நாள் கூலியை விட்டுப் படகேறி யார் போவார்? ஊர்ப் பரியாரியாரிடம் ஒரு எண்ணெய், ஒரு கொப்பளிப்பு. வெற்றிலையைக் கொஞ்சம் மறு கன்னத்துக்கு மாற்றிக்கொள்வது. கழுத்தில் கட்டி தட்டுப்பட்டு, சோறு இறங்காமல், பேச்சுக் குழறிய பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தால் அங்கே எஞ்சியிருப்பது தாடையை வெட்டுகிற சிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும்தான். அதே ஆள் வெண்படலமாக இருந்த காலத்தில் வந்திருந்தால், வெற்றிலையை நிறுத்தி, அரை மணி நேரச் சின்னச் சத்திரசிகிச்சையோடு வீட்டுக்குப் போயிருப்பார். இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுத்தான் என்பதை நினைத்தால், இந்தத் தாமதம் எத்தனை வீடுகளின் கதை என்பது விளங்கும்.

நோயைத் தேடிப் போய்ப் பார்க்கலாம் என்ற எண்ணத்தை உலகத்துக்குச் செய்து காட்டிய நாடுகளில் இலங்கையே முன்னணியில் நின்றது. இது பலருக்குத் தெரியாது, தெரிந்திருக்கவேண்டும். 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து, வீடு வீடாகப் போகும் ஒரு சுகாதாரப் படையை இந்நாடு கட்டியெழுப்பியிருந்தது. கர்ப்பிணியைப் பார்க்கவும் குழந்தையை நிறுக்கவும் போகும் மருத்துவ மாது ஒவ்வொரு வளவின் படலையையும் அறிவார். அவரே ஆச்சியின் வாயையும் ஏன் பார்க்கக்கூடாது என்று பேராதனைப் பல் மருத்துவப் பேராசிரியர் சமன் வர்ணகுலசூரியவும் அவரோடு உழைத்தோரும் கேட்டார்கள். மத்திய மலைநாட்டுக் கிராமங்களில் 34 ஆரம்ப சுகாதாரப் பணியாளருக்குக் குறுகிய பயிற்சி கொடுத்தார்கள். ஓர் ஆண்டில் அவர்கள் ஏறத்தாழ 29,000 பேரின் வாயைப் பார்த்து முடித்தார்கள். 1,200க்கு மேற்பட்டோரிடம் சந்தேகத்துக்குரிய மாற்றம் தெரிந்தது. மருத்துவர்கள் மறுபடி பார்த்தபோது, பணியாளரின் கணிப்பு மிகப் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் இது வெளியானபோது, ஏழை நாடுகளில் புற்றுநோயை முன்கூட்டிக் கண்டறிவது என்ற பேச்சே திசை மாறியது.

அந்தப் பரிசோதனையில் என்ன நடக்கிறது என்று அருகில் நின்று பார்த்தால் அதன் எளிமை புரியும். திண்ணையில் வெளிச்சம் விழும் பக்கமாக ஆச்சியை இருத்துவார்கள். கையில் ஒரு டோர்ச், இரண்டு வாய்க்கண்ணாடி அல்லது இரண்டு மரத்தட்டை, ஒரு துண்டு மருத்துவத் துணி.

"ஆச்சி, வாயைத் திறவுங்கோ."

"பல்லே இல்லை பிள்ளை, எதைப் பார்க்கப்போறாய்?"

"பல்லை இல்லை ஆச்சி, கன்னத்தைத்தான்."

முதலில் உதட்டை வெளியே மடித்துப் பார்ப்பார்கள். பிறகு ஒரு கன்னம், மறு கன்னம். கண்ணாடியால் இழுத்து, முரசும் கன்னமும் சேரும் பள்ளம்வரை. நாக்கின் நுனியைத் துணியால் பிடித்து ஒரு பக்கம் இழுத்தால் அதன் ஓரம் பின்வரை தெரியும். மறு பக்கம் இழுத்தால் மற்ற ஓரம். நாக்கை மேலே மடிக்கச் சொன்னால் அதன் கீழ்த்தரை. கடைசியாக அண்ணாக்கு. விரலால் தடவிப் பார்த்து எங்காவது தடிப்பு இருக்கிறதா என்று உணர்வார்கள். கழுத்தின் இரு பக்கமும் தொட்டுப் பார்ப்பார்கள். ஒரு சில நிமிடம். இரத்தம் எடுக்கவேண்டியதில்லை, மின்சாரம் வேண்டாம், யந்திரம் எதுவும் படகேறி வரவேண்டியதில்லை. உடம்பின் உள்ளே வளரும் புற்றுகளில் இத்தனை எளிதாகக் கண்ணுக்குத் தெரிவது வேறொன்று அரிது. அதுவே முற்றிய நிலையில் வருகிறது என்பதுதான் பொறுக்கமுடியாத சங்கதி.

முன்கூட்டிக் கண்டால் உண்மையில் உயிர் பிழைக்கிறதா என்ற கேள்விக்கு எண்ணிக்கையில் விடை சொன்ன இடம் எது தெரியுமா? அதே திருவனந்தபுரம். அங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையமும் லியோனில் இருக்கும் உலகப் புற்றுநோய் ஆய்வு நிலையமும் சேர்ந்து 1996இல் பெரிய ஆய்வொன்றைத் தொடங்கின. 13 பஞ்சாயத்துகளில் 35 வயதுக்கு மேற்பட்டோர் ஏறத்தாழ 1,90,000 பேர். சில பஞ்சாயத்துகளில் பயிற்சி பெற்ற பட்டதாரிகள் மூன்றாண்டுக்கு ஒருமுறை வீடு வீடாகச் சென்று வாயைப் பார்த்தார்கள். மற்றவற்றில் வழக்கமான மருத்துவம் மட்டும். 2005இல் சங்கரநாராயணன் குழுவினர் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே, வாயைப் பார்த்த ஊர்களில் வாய்ப்புற்று மரணம் 34 விழுக்காடு குறைந்திருந்தது. 72 ஆண்டுகளுக்கு முன் நெய்யூரிலிருந்து நோயின் கதை வந்த அதே இதழில், அதே பழைய திருவிதாங்கூர் மண்ணிலிருந்து, அதைத் தடுக்கும் வழியின் கதையும் வந்தது. யாழ்ப்பாணத்துப் புகையிலையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் தோணிக் கணக்கோடும் தீர்வைக் கணக்கோடும் இந்த இரண்டு கட்டுரைகளையும் சேர்த்தே எழுதவேண்டும்.

இந்த ஆய்வுகள் ஒவ்வொன்றாக வெளிவந்த ஆண்டுகளில் தீவகம் எங்கே இருந்தது?

1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு கடலில் வழிமறிக்கப்பட்டு, இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தப் படகுதான் நெடுந்தீவாருக்கு ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் கந்தோருக்கும் போகும் வழி. 1990 ஓகஸ்டில் இராணுவ நடவடிக்கையோடு மண்டைதீவும் அல்லைப்பிட்டியும் வேலணையும் வெறிச்சோடத் தொடங்கின. பண்ணைத் தாம்போதியின் ஒரு முனை ஒரு தரப்பிடமும் மறு முனை மறு தரப்பிடமும் இருந்த ஆண்டுகள் அவை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி போருக்கு அஞ்சி வலிகாமமே எழுந்து நடந்தது. மயக்கமருந்துக்கே தட்டுப்பாடு நிலவிய குடாநாட்டில், நோகாத வெண்படலத்தை யார் தேடுவார்? புற்றுநோய் என்று கண்டாலும் கொழும்புப் பக்கத்து மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகக் கப்பலுக்குப் பதிந்து காத்திருக்கவேண்டும். 2002இல் திறந்த, தெற்கே போகும் ஏ9 வீதி 2006 ஓகஸ்டில் மறுபடி மூடிக்கொண்டது. வைத்தியசாலை இருந்த தெல்லிப்பழை உயர்பாதுகாப்பு வலயத்தின் வேலிக்குள் அகப்பட்டுக் கிடந்தது. உலகத்துக்கு வாய்ப்பரிசோதனையைக் கற்றுக்கொடுத்த நாட்டின் ஒரு மூலையில் ஒரு முழுத் தலைமுறை அதைக் காணாமலே முதுமையடைந்தது.

தெல்லிப்பழை திரும்பி எழுந்த விதம் நெஞ்சை நிறைப்பது. 2011 யூலையில், தெற்கே தெவுந்தரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறைவரை, 'ட்ரெயில்' என்ற பெயரில் மக்கள் நடந்தார்கள். நேதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவவும் முன்னின்று நடத்திய அந்த நடை 27 நாள் எடுத்தது. வழியில் சிங்களக் கிராமத்தவரும் முஸ்லிம் கிராமத்தவரும் தமிழ்க் கிராமத்தவரும் சில்லறைக் காசுவரை போட்டார்கள். அந்தப் பணத்தில் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்து 2013இல் திறக்கப்பட்டது. இனி மகரகமைக்குப் போகாமலே வடக்கில் சிகிச்சை பெறலாம் என்பது சின்னச் சங்கதி அல்ல. கதிர்ச் சிகிச்சை என்றால் வாரத்தில் ஐந்து நாள், ஆறேழு வாரம் தொடர்ந்து. கொழும்பில் தங்க இடமில்லாமல் பாதியில் விட்டவர்களை அறிந்த குடும்பங்கள் தீவகத்தில் இருக்கின்றன.

ஆனால் சிகிச்சை நிலையம் கட்டுவது ஒன்று, நோயாளி அங்கே நேரத்தோடு வருவது வேறொன்று. இன்று வேலணையில் பிரதேச வைத்தியசாலை இருக்கிறது, ஊர்காவற்றுறையில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது, நெடுந்தீவிலும் வைத்தியசாலை இருக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரியின் கீழ்க் குடும்பநல உத்தியோகத்தர்கள் வளவு வளவாகப் போகிறார்கள். பெண்களுக்கு 'வெல் வுமன் கிளினிக்' 1996 அளவில் தொடங்கி நாடெங்கும் பரவியிருக்கிறது. 35 வயதான பெண் அங்கே போய்க் கருப்பை வாசலில் பப் பரிசோதனை செய்துகொள்ளலாம், மார்பைப் பார்ப்பித்துக்கொள்ளலாம். 2017 முதல் தரம் 6 மாணவியருக்குக் கருப்பை வாசல் புற்றைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி பாடசாலையிலேயே கிடைக்கிறது. திண்டுக்கல் பக்கத்து அம்பிளிக்கையில் தாதியர் வெறும் வினாகிரிக் கரைசலைத் தடவிக் கருப்பை வாசலைப் பார்த்தே அந்த நோயின் மரணத்தை 35 விழுக்காடு குறைத்துக் காட்டினார்கள் என்பது 2007இலேயே வெளிவந்த செய்தி. பெரிய பட்டணமும் பெரிய யந்திரமும் இல்லாத ஊர்களாலும் முடியும் என்பதற்கு வாயும் கருப்பை வாசலும் இரண்டு சாட்சிகள்.

புகையிலையும் முன்போல இல்லை. தோட்டங்கள் குறைந்தன, சுருட்டுக் கொட்டில்கள் பல மூடிவிட்டன. 1985இல் புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டைப் புற்று விளைவிப்பது என்று அறிவித்த லியோன் நிலையம், 2004இல் பாக்கையே, புகையிலை சேராத வெறும் பாக்கையே, அந்தப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே "நான் புகையிலை விட்டிட்டன், வெறும் வெத்திலைதான்" என்று ஆறுதல் கொள்ளும் ஆச்சிக்கும் ஆபத்து நீங்கவில்லை. 2016இல் இலங்கை, பொதியில் வரும் மெல்லும் புகையிலைக் கலவைகளைத் தடைசெய்தது. இருந்தும் மூலைக்கடையில் சுற்றி விற்கும் வெற்றிலைக் கூட்டு இளைஞர் வாயில் இருக்கிறது. தாத்தாவின் கொட்டப்பெட்டி பேரனிடம் பொலித்தீன் துண்டாக வந்திருக்கிறது.

இத்தனை ஆய்வுகளிலும் ஓர் எண்ணிக்கை மற்ற எல்லாவற்றையும்விடத் தீவகத்தவர் கவனிக்கவேண்டியது. மத்திய மலைநாட்டில் மேல்பரிசோதனைக்கு வரச்சொல்லித் துண்டு கொடுத்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வரவில்லை. திருவனந்தபுரத்திலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரவில்லை. அவை பஸ் ஓடும் ஊர்கள். நெடுந்தீவில் சந்தேகப் புண் தெரிந்த ஒருவர் எப்படி வருவார்? காலைப் படகில் குறிகட்டுவான் துறைக்கு. அங்கிருந்து பஸ்ஸில் புங்குடுதீவு, வேலணை, பண்ணை தாண்டி யாழ்ப்பாணம். போதனா வைத்தியசாலையில் வரிசை. தசைத்துண்டு எடுத்தால் முடிவு வாங்க இன்னொரு நாள். புற்று என்றால் தெல்லிப்பழைக்கு மறுபடி ஒரு பஸ். கடல் கொந்தளித்தால் படகில்லை. படகில்லாத நாளில் தவறிய திகதிக்கு அடுத்த திகதி வாங்க இன்னொரு பயணம். ஒரு சின்ன வெண்படலத்துக்காக மூன்று நான்கு நாள் தொழில் போகிறது. வலைக்காரர் இரண்டாவது பயணத்தோடு நிறுத்திவிடுவதற்கு அவருடைய அறியாமை காரணம் என்று எழுதுவது அநியாயம்.

திருவிழா நாளில் நயினை நாகபூசணி அம்மன் கோயிலுக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் குறிகட்டுவான் துறையில் காத்திருக்கிறார்கள். மாதாந்தக் கொடுப்பனவு எடுக்க முதியோர் தபாற்கந்தோரில் கூடுகிறார்கள். கூட்டுறவுக் கடையிலும் மீன் ஏலம் விடும் துறையிலும் வாய் பார்க்கவேண்டியவர்கள் தாமாகவே கூடுகிறார்கள். முதல் பார்வை அங்கே நடக்கலாம். ஆனால் அது பாதி வேலை. தசைத்துண்டை நெடுந்தீவிலேயோ ஊர்காவற்றுறையிலேயோ எடுத்து, குப்பி மட்டும் படகேறி யாழ்ப்பாணம் போகவேண்டும்; நோயாளி முடிவு வரும்வரை வலையில் இருக்கலாம். வந்தே ஆகவேண்டிய திகதியைக் கிளினிக்கின் வசதிப்படி எழுதாமல், காலைப் படகில் வந்து மாலைப் படகில் திரும்ப முடிகிற விதமாக எழுதவேண்டும். துண்டு கொடுத்த நாளிலேயே அந்தப் பெயர் குடும்பநல உத்தியோகத்தரின் புத்தகத்திலும் ஏறவேண்டும். திகதியில் ஆள் வராவிட்டால், மறுநாள் காலையில் அவர் அந்த வளவின் படலையைத் தட்டிக் காரணம் கேட்க வேண்டும்.